அகச்சிவப்புத் தரவில் இளம் விண்மீன்களைத் தேடுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

ஸ்பிட்சர், வைஸ் போன்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கிகள் சேகரித்த தரவை இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொண்டு, ஒரு தூசு மேகத்துக்குள் எவையெல்லாம் இளம் விண்மீன்களாக இருக்கக்கூடும் என்று பட்டியல் தயாரிப்பதுதான் இங்கே வேலை. கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து பலமுறை இதைச் செய்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: அட்டவணையை இறக்குவார்கள், நிற வரைபடம் போடுவார்கள், நாற்பது விண்மீன் கிடைத்துவிட்டது என்று மகிழ்வார்கள், வானத்தின் படத்தை மட்டும் கடைசி வரை திறக்கவே மாட்டார்கள். கீழேயுள்ள வரிசை அந்தப் பழக்கத்தை உடைப்பதற்காக அமைத்தது. வரிசையை மாற்றாதீர்கள்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘கேண்டிடேட்’ என்கிறார்கள். ‘வேட்பாளர்’ என்று எழுதினால் விண்மீன் இடைத்தேர்தலில் நிற்பதுபோல் இருக்கிறது. அதனால் ‘உத்தேச இளம் விண்மீன்’ என்கிறேன். நிறமாலை எடுக்கும்வரை அந்த ‘உத்தேச’ போகாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டாப்கேட், அலாடின் என்ற இரண்டு இலவச மென்பொருள்களை நிறுவிக்கொள்ளுங்கள். முதலாவது அட்டவணைகளைக் கையாள, இரண்டாவது படம் பார்க்க. தரவுக்கு கால்டெக்கில் உள்ள இர்சா காப்பகம். ஏற்கெனவே தெரிந்த பெயர்களுக்கு சிம்பாட். பழைய ஆய்வுகளின் அட்டவணைகளுக்கு விசியர். பைதான் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் முதல் சுற்றுக்கு டாப்கேட்டே போதும்.

சாதாரணக் கணக்குத்தாள் மென்பொருளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். வெற்றுக் கட்டத்தைச் சூத்திரத்தில் பயன்படுத்தினால் அது 0 என்று எடுத்துக்கொள்ளும். பொலிவெண்ணில் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். ஆக, தரவே இல்லாத ஒரு புள்ளி 0 பொலிவெண்ணோடு அபிஜித் விண்மீன் அளவுக்குப் பிரகாசிக்கும். ஒரு மாணவரின் பட்டியலில் இப்படிப் பதினொரு ‘அபிஜித்’கள் இருந்தன.

எதைத் தேடுகிறோம் என்பதும் மனத்தில் இருக்கட்டும். தூசு இல்லாத விண்மீனின் ஒளி 2 மைக்ரான் அலைநீளத்துக்கு அப்பால் வேகமாகச் சரிந்துவிடும். சுற்றிலும் தூசு வட்டு இருந்தால், அந்தத் தூசு சூடாகி அகச்சிவப்பில் ஒளிர்வதால் சரிவு மட்டுப்படும். அந்த உபரி ஒளிதான் நம் தடயம். வட்டை இழந்துவிட்ட இளம் விண்மீன்கள் இந்த வலையில் சிக்காது. அவற்றுக்கு எக்ஸ் கதிர் தரவு வேண்டும்.

2. பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்குப் பலரும் ஓரியன் நெபுலாவைத்தான் கேட்பார்கள். வேண்டாம். அதன் நடுவில் பின்னணி ஒளி வெள்ளமாக இருக்கும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

நான் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது ஒஃபியூகஸ் பகுதியிலுள்ள எல்1688 மேகம். விருச்சிகத்தில் கேட்டைக்கு வடக்கே சில பாகை தள்ளி இருக்கிறது. தூரம் சுமார் 140 பார்செக், அதாவது ஏறக்குறைய 450 ஒளியாண்டு. ஸ்பிட்சரின் சி2டி திட்டம் ஆராய்ந்த ஐந்து மேகங்களில் இதுவும் ஒன்று. ஜேம்ஸ் வெப்பின் முதல் ஆண்டு நிறைவுக்கு 2023 ஜூலையில் வெளியான படமும் இந்த மேகத் தொகுதியில்தான் எடுக்கப்பட்டது. ஆராய்ந்து தீர்த்த இடத்தை ஏன் எடுக்க வேண்டும் என்றால், விடை தெரிந்த கணக்கில்தான் உங்கள் முறை சரியா என்று சோதிக்க முடியும். புதிய மேகம் அடுத்த சுற்றுக்கு.

இங்கேயே இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. எல்1688இன் வல ஏற்றம் (வானத்தில் கிழக்கு-மேற்கு இடம்) ஏறக்குறைய 16 மணி 27 நிமிடம். பாகையில் அது 16.45 × 15 = 246.75. பதினைந்தால் பெருக்க மறந்து 16.45 பாகை என்று கொடுத்தால் வானத்தின் வேறொரு மூலைக்குப் போய்விடுவீர்கள். அங்கே ஒன்றும் இல்லாததால் உடனே தெரிந்துவிடும். மோசமானது இரண்டாவது தவறு. நடுவரை விலக்கம் (வடக்கு-தெற்கு இடம்) −24 பாகை 30 நிமிடம், அதாவது −24.5. நிரலில் −24 உடன் 0.5ஐக் கூட்டுபவர்களுக்கு −23.5 கிடைக்கும். ஒரு பாகை வடக்கே தள்ளிப்போனாலும் அங்கேயும் மேகம் இருக்கும், விண்மீன்கள் இருக்கும். தவறு வாரக்கணக்கில் தெரியாமலே கிடக்கும்.

தேடல் ஆரத்தை அரைப் பாகைக்குள் வையுங்கள். ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்க்கப்போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

3. முன்னோர் பட்டியலை முதலில் எடுப்பது

சிம்பாடில் அந்தப் பகுதியைத் தேடி, இளம் விண்மீன் என்று முன்பே குறிக்கப்பட்டவற்றைத் தனி அட்டவணையாகச் சேமியுங்கள். விசியரில் சி2டி அட்டவணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கடைசியில் செய்பவர்கள், பல ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட விண்மீனைக் ‘கண்டுபிடித்து’ விடுகிறார்கள்.

ஒரே விண்மீனுக்குப் பல பெயர்கள் இருக்கும். எலியாஸ் 29 என்று ஒரு ஆய்வில் வருவது இன்னொன்றில் வேறு எண்ணோடு வரும். ஆகவே பெயரை வைத்து ஒப்பிடாமல் இடத்தை வைத்து ஒப்பிடுங்கள். மிகப் பழைய ஆய்வுகளில் இடமே பல வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) பிசகியிருக்கலாம். அவற்றைப் படத்தில் வைத்துப் பார்த்து நீங்களே திருத்த வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

4. அட்டவணைக்கு முன் படம்

இர்சாவில் ‘ஃபைண்டர் சார்ட்’ என்ற வசதி உண்டு. ஒரு இடத்தைக் கொடுத்தால் பல அலைநீளங்களில் அதே அளவுள்ள படங்களை வரிசையாகக் காட்டும். முதலில் மேகம் முழுவதையும் பாருங்கள். எங்கே நெபுலா ஒளி அடர்த்தி, எங்கே பெரிய விண்மீனின் கூசொளி, எங்கே கரிய திட்டு என்று காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பின்னால் அட்டவணையில் சந்தேகமான வரிசை வரும்போது அந்த வரைபடம்தான் கை கொடுக்கும். எல்1688இன் மேற்குப் பக்கம் எச்டி 147889 என்ற வெப்பமான விண்மீன் சுற்றுப்புறத்தையே ஒளிரவைத்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் எதையும் இரண்டு முறை பாருங்கள்.

மூவண்ணப் படம் அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. ஒவ்வொரு அலைநீளத்தையும் தனித்தனியாக, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு விண்மீன்களாகப் பாருங்கள். மங்கலான பொருளுக்கு நம் கண் அப்படித்தான் நன்றாகப் பழகுகிறது.

எந்தத் தொலைநோக்கி எவ்வளவு கூர்மை என்பது இப்போதே பழகிவிட வேண்டும். வைஸின் கண்ணாடி 40 செ.மீ. அதன் 3.4, 4.6, 12 மைக்ரான் அலைநீளப் பட்டைகளில் ஒரு விண்மீன் சுமார் 6 வில்நொடி அகலப் புள்ளியாகத் தெரியும். 22 மைக்ரானில் 12 வில்நொடி. ஸ்பிட்சரின் கண்ணாடி 85 செ.மீ. அதன் ஐராக் கருவியில், 3.6 முதல் 8 மைக்ரான் வரை, புள்ளி 2 வில்நொடியை ஒட்டியே இருக்கும். எல்1688இன் தூரத்தில் 12 வில்நொடி என்பது, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் 1700 மடங்கு. அதற்குள் இரண்டு மூன்று விண்மீன்கள் குடித்தனம் நடத்தலாம்.

5. அட்டவணையை இறக்கி வடிகட்டுதல்

இர்சாவில் ஆல்வைஸ் என்ற வைஸ் தொகுப்பு அட்டவணையைத் தேர்ந்தெடுத்து உங்கள் வட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் இறக்குங்கள். பொலிவெண்ணும் பிழையும் மட்டும் போதாது. கீழ்க்கண்ட தர நெடுவரிசைகள் இல்லாமல் இறக்கினால் திரும்ப வரவேண்டியிருக்கும்.

ஒளித்தரக் குறி: ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எழுத்து. ‘ஏ’ என்றால் இரைச்சலைவிடச் சமிக்ஞை பத்து மடங்காவது இருக்கிறது. ‘பி’ என்றால் மூன்றிலிருந்து பத்துக்குள். ‘யு’ என்றால் அது அளவே அல்ல, உச்சவரம்பு. அதாவது இதைவிடப் பிரகாசமாக இல்லை என்று மட்டும் பொருள். ‘யு’ வரிசைகளில் பிழைக் கட்டம் காலியாக இருக்கும், ஆனால் பொலிவெண் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை உண்மையென எடுத்து நிறம் (இரண்டு பட்டைகளின் பொலிவெண் வித்தியாசம்) கணக்கிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

மாசுக் குறி: பக்கத்துப் பிரகாச விண்மீனின் கதிர்க்கீற்று, ஒளிவட்டம், முந்தைய படத்தின் மிச்சம், கருவிக்குள் எதிரொளித்த பேய்ப் பிம்பம் ஆகியவற்றைக் காட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் வந்தால் அந்தப் புள்ளியே போலி என்று கருதலாம். சிறிய எழுத்தில் வந்தால் உண்மையான பொருள்தான், ஆனால் அளவில் கலப்படம் இருக்கலாம். சிறிய எழுத்துக்காரர்களைத் தூக்கி எறிய வேண்டாம்.

பரப்புக் குறி: பொருள் புள்ளியாக இல்லாமல் பரந்து தெரிகிறதா என்பது.

பிரகாச எல்லையையும் கவனியுங்கள். வைஸில் 3.4 மைக்ரானில் சுமார் 8, 4.6 மைக்ரானில் சுமார் 7 பொலிவெண்ணைவிடப் பிரகாசமானவற்றின் ஒளி உணரியில் நிரம்பி வழியும், அளவு சரியாக வராது. எல்1688 நமக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே பலர் இந்த எல்லையைத் தாண்டுகிறார்கள்.

6. அட்டவணைகளை இணைத்தல்

வைஸோடு டூ-மாஸ் (தரையிலிருந்து எடுத்த அகச்சிவப்பு வான் அளவீடு), ஸ்பிட்சர், கையா (விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த விண்கலம்) அட்டவணைகளை இடத்தை வைத்து இணைக்க வேண்டும். ஸ்பிட்சருக்கும் டூ-மாஸுக்கும் 1 வில்நொடி ஆரம் போதும். வைஸுக்கு 2 அல்லது 3. ஆரத்தைப் பெரிதாக்கினால் ‘அதிகப் பொருத்தம்’ கிடைக்கும், அதில் பாதி தப்பான ஜோடியாக இருக்கும்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். டூ-மாஸ் 1997 முதல் 2001 வரை எடுத்தது. ஆல்வைஸின் இடங்கள் பெரும்பாலும் 2010ஐச் சேர்ந்தவை. கையாவின் மூன்றாம் வெளியீடு 2016க்கு உரியது. எல்1688 உறுப்பினர்கள் ஆண்டுக்குச் சுமார் 0.026 வில்நொடிதான் நகர்கிறார்கள். 16 ஆண்டில் 0.4. பொருத்தம் கெடாது. ஆனால் நடுவில் குறுக்கிடும் பக்கத்து விண்மீன் ஆண்டுக்கு 0.2 நகர்ந்தால், அதே காலத்தில் 3 வில்நொடி தள்ளிப்போய் வேறொருவரின் அருகில் போய் நிற்கும்.

7. முதலில் கழிப்பது, பிறகு பொறுக்குவது

நிறத்தை வைத்து இளம் விண்மீன்களைப் பொறுக்குமுன், வேடதாரிகளை வெளியேற்ற வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால், ஏற்கெனவே ‘நம் விண்மீன்’ என்று மனம் ஒட்டிப்போன பொருளைக் கழிக்கக் கை வராது.

வேடதாரிகளில் முதல் கூட்டம், விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் தொலைதூர கேலக்ஸிகள். அடுத்தது மையத்தில் கருந்துளை கொழுந்துவிடும் கேலக்ஸிகள். இரண்டும் சிவப்பாகவும் பெரும்பாலும் மங்கலாகவும் இருக்கும். ஆகவே நிறத்தோடு பிரகாசத்தையும் சேர்த்துக் கோடு கிழிக்கிறார்கள். வைஸ் தரவுக்கு 2014இல் கோனிக், லைசவிட்ஸ் இருவர் வெளியிட்ட நிபந்தனைகளையும், ஸ்பிட்சர் ஐராக் தரவுக்கு 2009இல் குட்டர்முத் குழு வெளியிட்டவற்றையும் பயன்படுத்துங்கள். இரண்டிலும் கழித்தல்தான் முதலில் வருகிறது. சொந்தமாகக் கோடு கிழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கூட்டம் நம் பால்வெளியிலேயே மேகத்துக்குப் பின்னால் நிற்கும் முதிய ராட்சத விண்மீன்கள். சொந்தத் தூசாலும் மேகத்தின் தூசாலும் சிவந்திருக்கும். போதாக்குறைக்கு நல்ல பிரகாசமும் இருக்கும். சர்ப்பன்ஸ் மேகத்தில் உத்தேசப் பட்டியலுக்குப் பிறகு நிறமாலை எடுத்துப் பார்த்தபோது கணிசமானவை இந்த வகையாகவே இருந்தன. நிறத்தால் மட்டும் இவற்றைப் பிடிப்பது கடினம். 10ஆம் படியில் கையா உதவும்.

நான்காவது கூட்டம் விண்மீனே அல்ல. நெபுலாவிலுள்ள கரிமச் சேர்மங்கள் 3.3, 6.2, 7.7, 11.3 மைக்ரானில் ஒளிரும். ஐராக்கின் 4.5 மைக்ரான் பட்டை மட்டும் இதிலிருந்து தப்பிக்கிறது. அதற்கு வேறு தொல்லை: இளம் விண்மீன் பீய்ச்சும் வாயு மோதும் இடங்கள் அந்தப் பட்டையில் முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

8. நிறத்தால் தேர்ந்தெடுத்தல்

கழித்தது போக மிஞ்சியவற்றை நிற வரைபடத்தில் இடுங்கள். வைஸ் என்றால் ஓர் அச்சில் 3.4 கழித்தல் 4.6, மற்றதில் 4.6 கழித்தல் 12. வெற்று விண்மீன்கள் பூச்சியத்தை ஒட்டிக் கொத்தாகக் கிடக்கும். வட்டுள்ளவை வலப்பக்கம் மேலேறும். பிழை 0.2ஐத் தாண்டும் புள்ளிகளை எடுத்துவிட்டு வரைந்தால் கொத்து தெளிவாகப் பிரியும். இந்தப் படி பத்து நிமிட வேலை.

9. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பது

பாதிப் பட்டியல் இங்கேதான் உதிரும். தேர்வான ஒவ்வொரு பொருளுக்கும் 2 வில்நிமிடப் படங்களை எல்லா அலைநீளங்களிலும் வரிசையாக வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். புள்ளி வட்டமாக இருக்கிறதா? எல்லா அலைநீளத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதா? பின்னணியிலிருந்து தனியாகத் தெரிகிறதா?

ஓர் எடுத்துக்காட்டு. அட்டவணையில் நான்கு பட்டைகளிலும் ‘ஏ’ தரம், மாசுக் குறி சுத்தம், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. படத்தைத் திறந்தோம். 3.4, 4.6 மைக்ரானில் அழகான புள்ளி. 12இல் அதே இடத்தில் ஒரு மங்கலான முகில், ஓரமே இல்லை. 22இல் முகிலின் நடு சுமார் 5 வில்நொடி தள்ளி இருந்தது. முன்னால் நிற்கும் சாதாரண விண்மீனுக்கு, பின்னாலிருக்கும் நெபுலாவின் ஒளியை மென்பொருள் கணக்கெழுதிவிட்டது. நெபுலா நிறைந்த பகுதிகளில் வைஸின் 12, 22 மைக்ரான் அளவுகள் இப்படிப் போலியாவது சகஜம்.

மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போடச் சொல்வேன். இருவரும் ஒத்துப்போகாதவற்றை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். விவாதம் சூடாகும். அது நல்லதுதான்.

10. சாய்வைக் கணக்கிடுதல்

தப்பித்தவற்றை வகைப்படுத்த வேண்டும். 2 மைக்ரானிலிருந்து ஏறக்குறைய 24 வரை, அலைநீளத்தின் மடக்கையை ஓர் அச்சிலும், அந்தந்த அலைநீளத்தில் வரும் ஆற்றலின் மடக்கையை மற்றதிலும் இட்டு நேர்கோடு பொருத்துகிறோம். அதன் சாய்வு 0.3 அல்லது மேல் என்றால் முதல் வகை, இன்னும் தூசு உறைக்குள் இருக்கும் குழந்தை. 0.3க்கும் −0.3க்கும் இடையில் தட்டை வகை. −0.3 முதல் −1.6 வரை இரண்டாம் வகை, வட்டோடு இருப்பது. அதற்கும் கீழே மூன்றாம் வகை.

பயிற்சிக்காக நானே வைத்துக்கொண்ட எண்களில் செய்து காட்டுகிறேன். டூ-மாஸின் 2.16 மைக்ரானில் பொலிவெண் 10.0, வைஸின் நான்கு பட்டைகளில் முறையே 9.2, 8.6, 6.5, 4.3.

முதலில் பொலிவெண்ணை ஒளிப்பாயமாக, அதாவது நம்மை வந்தடையும் ஒளியின் அளவாக, மாற்ற வேண்டும். பூச்சியப் பொலிவெண்ணுக்குரிய பாயங்கள் வரிசையாக 666.7, 309.5, 171.8, 31.67, 8.363 ஜான்ஸ்கி. பொலிவெண்ணை 2.5ஆல் வகுத்து, எதிர்க்குறியிட்டு, 10இன் அடுக்காக்கிப் பெருக்குங்கள். கிடைப்பவை 66.7, 64.7, 62.4, 79.6, 159 மில்லி ஜான்ஸ்கி.

அடுத்து ஒவ்வொன்றையும் அதன் அலைநீளத்தால் வகுக்க வேண்டும். ஜான்ஸ்கி என்பது அதிர்வெண்ணை வைத்த அளவு; நமக்கு வேண்டியது அந்த அலைநீளத்தில் வரும் ஆற்றல். வகுத்தால் 30.9, 19.3, 13.5, 6.9, 7.2. மடக்கை எடுத்துக் கோடு பொருத்தினால் சாய்வு −0.65. இரண்டாம் வகை.

அலைநீளத்தால் வகுக்க மறந்தவருக்கு என்ன கிடைக்கும்? சாய்வு சரியாக ஒன்று கூடி +0.35 ஆகும். முதல் வகை! வட்டோடு அமைதியாக இருக்கும் விண்மீன், ஒரு வகுத்தலை விட்டதால் உறைக்குள் இருக்கும் குழந்தையாகிவிட்டது. உங்கள் பட்டியலில் முதல் வகை அளவுக்கு மீறி இருந்தால் முதலில் இந்த வரியைச் சோதியுங்கள். வெற்று விண்மீன் ஒன்றை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். −3ஐ ஒட்டி வர வேண்டும். −2 என்று வந்தால் குற்றவாளி அதுதான்.

22 மைக்ரான் புள்ளியை நம்ப முடியாவிட்டால் அதை விட்டு மீண்டும் பொருத்துங்கள். மேலேயுள்ள எடுத்துக்காட்டில் −0.88 வருகிறது. எண் மாறினாலும் வகை மாறவில்லை, நம்பலாம். ஒரு புள்ளியை எடுத்தால் வகையே மாறுகிறது என்றால் அதைக் குறிப்பில் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். முன்னால் தூசு அதிகமிருந்தால் 2 மைக்ரான் ஒளி மட்டும் கூடுதலாக உறிஞ்சப்பட்டு, சாய்வு இருப்பதைவிட மேலே போகும். எல்1688இன் நடுப்பகுதியில் இது பெரிய விளைவு. மேலும் 2.16 மைக்ரான் அளவுக்கும் வைஸ் அளவுக்கும் இடையே பத்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. இளம் விண்மீன்கள் மாறுபவை. இரண்டு வேறு மனநிலையில் எடுத்த படங்களை ஒட்டி ஒரு முகமாக்குகிறோம்.

கையாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்1688 உறுப்பினரின் இடமாறு கோணம் (தூரம் கூடக்கூட இது குறையும்) 7 மில்லி வில்நொடியை ஒட்டி இருக்கும். பின்னணி ராட்சதனுக்குப் பூச்சியத்தை ஒட்டி வரும்; கழித்துவிடலாம். கையாவில் இல்லை என்பதற்காகக் கழிக்காதீர்கள். உறைக்குள் இருப்பவை கட்புல ஒளியில் தெரியவே மாட்டா. மிக இளையவை அவைதான்.

11. காலப்போக்கில் மாறுகிறதா?

வைஸ் 2013 டிசம்பரில் நியோவைஸ் என்ற பெயரில் மீண்டும் விழித்து, 2024 வரை 3.4, 4.6 மைக்ரானில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு இடத்தையும் பார்த்தது. ஒவ்வொரு வருகையிலும் பத்துப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். ஒரு வருகையின் அளவுகளை ஒன்றாகச் சேர்த்து நடுமதிப்பு எடுத்து வரையுங்கள். மெதுவாக ஏறி இறங்கினால் இளமைக்கு இன்னொரு சாட்சி. ஒரே ஒரு புள்ளி மட்டும் துள்ளினால் அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துக் குறுக்கே போன சிறுகோளாகவோ காஸ்மிக் கதிராகவோ இருக்கும். முதிய ராட்சதர்களும் மாறுவார்கள். அவர்களுடைய ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சீரான தாளத்தில் இருக்கும்.

12. பட்டியலை எழுதி முடிப்பது

3ஆம் படியில் சேமித்த பழைய பட்டியலை இப்போதுதான் உங்கள் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். தெரிந்தவர்களில் எத்தனை பேரை உங்கள் முறை பிடித்தது, எவரை விட்டது, ஏன் என்று எண்ணுங்கள். நிரம்பி வழிந்ததால் விடுபட்டவர்கள், இரட்டையாகக் கலந்துபோனவர்கள், வட்டில்லாதவர்கள் என்று காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் விடுபட்டவர் பலர் இருந்தால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.

பட்டியலில் மூன்று தரம் போதும்: உறுதியானவை, நடுத்தரம், ஐயத்துக்குரியவை. ஹைட்ரஜனின் ஆல்ஃபா உமிழ்வும் 670.8 நானோமீட்டரில் லித்தியம் உறிஞ்சலும் நிறமாலையில் தெரிந்தால்தான் ‘உத்தேச’ என்ற அடைமொழியை எடுக்கலாம். தொலைநோக்கி நேரம் கேட்கும்போது முதல் தரத்திலிருந்து தொடங்குவீர்கள்.

கடைசி நெடுவரிசையில், படத்தில் கண்ணால் கண்டதை வாக்கியமாக எழுதுங்கள். “நன்று”, “சரி” என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. “22 மைக்ரானில் மையம் 4 வில்நொடி தெற்கே, ஐராக்கில் இரண்டு விண்மீன்கள், வடக்கில் இருப்பதுதான் சிவப்பு” என்று எழுதுங்கள்.